டிரைவர் எங்கே படுப்பார்?

சென்ற வாரம் நான் போட்ட மலைப் படங்களுக்கு நிறையப் பேர் லைக் போட்டிருந்தீர்கள். "இந்த வயசுல மர வீட்டுல தங்கிட்டு வந்திருக்கீங்களே சார்" என்று சிலர் கேலியும் செய்திருந்தீர்கள். அந்தப் படங்களில் வராத ஒரு விஷயத்தை எழுத வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பேரனால் வந்தது. பெங்களூரில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன், உலகத்தில் எங்கெங்கே வினோதமான விடுதிகள், ஓட்டல்கள் இருக்கின்றன என்று போனில் ஒவ்வொன்றாகக் காட்டினான். சுவீடனில் யுக்காஸ்யார்வி என்ற ஊரில் குளிர்காலம்தோறும் ஆற்றுப் பனிக்கட்டியை வெட்டியெடுத்து ஒரு ஓட்டல் கட்டுகிறார்கள். கட்டிலும் பனிக்கட்டிதான். வெயில் வந்ததும் உருகிப் போகும், அடுத்த வருஷம் மறுபடி கட்டுவார்கள். அதே நாட்டில் ஸ்டாக்ஹோம் விமான நிலையத்தில் ஓய்வு பெற்ற ஜம்போ ஜெட் ஒன்றை ஓட்டலாக மாற்றினார்கள். விமானி உட்கார்ந்த இடமும் ஒரு அறை ஆனது. தைவானில் தைபே நகரத்து ஓட்டல் ஒன்றில் கழிப்பறைக் கோப்பை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, அதே வடிவக் கிண்ணத்தில் சாப்பிட வேண்டும். "சோறு இறங்குமாடா?" என்றேன். "அதுதான் ஃபன் தாத்தா" என்றான்.

எனக்குப் பிடித்தது சூரிச்சில் 1999-இல் தொடங்கிய உணவகம். அங்கே கும்மிருட்டில் சாப்பிட வேண்டும். பரிமாறுகிறவர்கள் பார்வையற்றவர்கள். வெளியே அவர்கள் கையைப் பிடித்து நாம் அழைத்துப் போகிறோம், உள்ளே நம் கையைப் பிடித்து அவர்கள் அழைத்துப் போகிறார்கள். இதில் வேடிக்கை மட்டுமல்ல, ஒரு நியாயமும் இருக்கிறது. நம் நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. அகமதாபாத்தில் 'லக்கி' என்ற டீக்கடையில் மேசைகளுக்கு நடுவே பழைய கல்லறைகள். அவற்றை இடிக்காமல் கம்பி வேலி போட்டு, பூ வைத்து, பக்கத்திலேயே டீயும் பன்னும் கொடுக்கிறார்கள். ஓவியர் எம்.எஃப்.உசேன் கொடுத்த படமும் அங்கே தொங்குகிறது.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவுமே இல்லையே தாத்தா" என்றான். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது.

இல்லாமல் என்ன? நான் சின்னப் பையனாக இருந்தபோது மலையடிவாரக் காட்டில் பரண் கட்டி, காட்டுப்பன்றி வராமல் தகர டின்னைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் இருந்திருக்கிறோம். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தால் பின்னால் இருப்பவர் கத்துவார். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா எட்டு நாளும் இரவு, பகல் தெரியாது. ஒரு பக்கம் அக்கினிச்சட்டி, ஒரு பக்கம் ராட்டினம், முல்லையாற்றங்கரையில் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடப்பார்கள். கம்பத்துக்கும் கூடலூருக்கும் இடையே திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்று பன்னீர்த் திராட்சை ஜூஸ் குடிக்க இன்றைக்கும் வெளியூர் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. 2023-இல் அந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் சொன்ன வேகத்தில், "சரி, உன்னைப் பரணிலேயே தங்க வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது பரணுக்குப் பெயர் 'ட்ரீ ஹவுஸ்'. மலைமேல் ஒரு விடுதியில் மகன் ஒரு இரவுக்கு புக் செய்தான். எந்த மலை, எந்த விடுதி என்று எழுதப் போவதில்லை. ஒரு விடுதியின் குறை மட்டும் அல்ல இது.

வாடகைக் காரை ஓட்டி வந்தவர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். வழியெல்லாம் பழைய பள்ளிக்கூடக் கதைதான். மரவீடு நன்றாகவே இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பேரனுக்குத் தலைகால் புரியவில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் என் பிரஷர் மாத்திரை காரிலேயே இருந்துவிட்டது ஞாபகம் வந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனேன். முன் சீட்டைச் சாய்த்து, காற்றுக்காகக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி, லுங்கியைப் போர்த்திச் சுருண்டு படுத்திருந்தார். மலைக்குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

"இங்கயாப்பா படுத்திருக்க? ரூம் குடுக்கலையா?"

"டிரைவருக்கெல்லாம் ரூம் கெடையாது சார். பழகிப்போச்சு, நீங்க போய்ப் படுங்க."

"சாப்பிட்டியா?"

"கீழயே பரோட்டா பார்சல் வாங்கிட்டேன் சார்."

கழிப்பறை எங்கே என்று கேட்டேன். சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை.

மேலே வந்து கூப்பிட்டும் வரவில்லை. விடுதிப் பையனிடம் கேட்டேன். "முதலாளி சொல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது ஐயா" என்றான். ஆனால் சமையலறைக்குப் பக்கத்தில் தான் படுக்கும் பாயில் பாதியை அவனே கொடுத்தான். சம்பளத்துக்கு இருக்கும் பையனுக்கு இருந்த மனசு, காசு கட்டிப் போன எனக்கு முதலிலேயே இருந்திருக்க வேண்டும். புக் செய்யும்போது வெந்நீர் வருமா, வைஃபை உண்டா, பேரனுக்குப் பால் கிடைக்குமா என்று அத்தனையும் கேட்கச் சொன்னவன் நான். டிரைவர் எங்கே படுப்பார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தது. வைகை அணைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனால், எங்கள் தலைமையாசிரியர் முதல் இலையை டிரைவருக்கும் கிளீனருக்கும்தான் போடச் சொல்வார். அவர் வயிறும் கண்ணும் நன்றாக இருந்தால்தான் நம் பிள்ளைகள் வீடு போய்ச் சேரும் என்பார். பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் அந்தப் பாடத்தை மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு பேரன் காட்டியதில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஜப்பானின் ஒசாகாவில் 1979-இல் திறந்த கேப்சூல் ஓட்டல். ஒரு ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று. இன்று உலகமே அதிசயமாகப் பார்க்கிறது. கடைசி ரயிலைத் தவறவிட்ட சம்பளக்காரர்கள் குறைந்த காசில் படுத்து எழத்தான் அந்த மாதிரி இடங்கள் வந்தன. உழைக்கிறவன் தூக்கத்தை யாரோ யோசித்ததால் பிறந்த வினோதம் அது. நம் மலையிலோ உழைக்கிறவன் கார் சீட்டில் கிடக்கிறான், அவன் கூட்டி வந்தவர்களுக்குத்தான் மரத்தில் கட்டில்.

2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களிலும் லாட்ஜ்களிலும் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் உள்ள தங்குமிடம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. விதி வந்துவிட்டது. மலைக்கு மேல் அது ஏறி வர நாம் கேட்க வேண்டும்.

சின்ன விடுதிக்காரர்களுக்கு இது கஷ்டம் என்பார்கள். ஒரு ஷெட், இரண்டடுக்குக் கட்டில்கள், கம்பளி, ஒரு கழிப்பறை, இவ்வளவுதானே? தனியாக முடியாவிட்டால் நான்கு விடுதிக்காரர்கள் சேர்ந்து ஒன்று கட்டலாம். அதற்காக வாடகையில் இருநூறு ரூபாய் கூட்டினால் நான் கொடுப்பேன். "இடம் கொடுத்தால் டிரைவர்கள் குடித்துவிட்டுக் கிடப்பார்கள்" என்று ஒருவர் சொன்னார். குடித்துவிட்டு ஆடுகிற விருந்தாளிகளுக்கு அறை கொடுக்காமலா இருக்கிறார்கள்?

மனிதாபிமானத்தை விடுங்கள். உங்கள் உயிரையாவது நினையுங்கள். மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்து ஏறினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். மாலை ஆறு மணிக்கு மேல் சோதனைச் சாவடியில் வண்டியை விடமாட்டார்கள். உங்களை இறக்கிவிட்டுக் கீழே போய்ப் படுத்துவிட்டு வரவும் வழியில்லை. இரவெல்லாம் குளிரில் புரண்டவர்தான் காலையில் அந்த வளைவுகளில் உங்கள் குடும்பத்தை இறக்க வேண்டும்.

போடிக்கு 2023 ஜூனில் ரயில் திரும்ப வந்த பிறகு, ரயிலில் வந்து இறங்கி வாடகைக் கார் எடுத்து மலையேறுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் உங்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். பனிக்கட்டியில் படுங்கள், மரத்தில் படுங்கள், ஆசை தீரப் படமும் போடுங்கள். புக் செய்யும்போதே டிரைவர் எங்கே படுப்பார், எங்கே குளிப்பார் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு விடுதி பாருங்கள். திரும்பி வந்து ஸ்டார் போடும்போது இதையும் எழுதுங்கள். நாலு பேர் எழுதினால் முதலாளிகள் கட்டில் போட்டுவிடுவார்கள்.

தேனி, கம்பம், குமுளி, மேகமலைப் பக்கம் டிரைவர்களுக்கு ஒழுங்காக இடம் தரும் விடுதி தெரிந்தால் கமெண்ட்டில் பெயரைச் சொல்லுங்கள். என் பழைய மாணவர்களில் நிறைய டிரைவர்கள் இருக்கிறீர்கள், நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் தொகுத்து அடுத்த பதிவில் போடுகிறேன். அடுத்த விடுமுறைக்குப் பேரன் வரும்போது அந்தப் பட்டியலில் இருந்துதான் விடுதி பார்க்கப் போகிறோம்.