கணிப்பொறிக்கும் ஒரு கலிங்கு வேண்டும்

பள்ளிக் கணிப்பொறி மெதுவாக ஓடினால் உடனே என்ன சொல்கிறோம்? "பழைய மெஷின், மாற்றினால்தான் சரிப்படும்" என்கிறோம். காய்ச்சல் என்றால் வெப்பமானி வைத்துப் பார்க்கிற நாம், கணிப்பொறி விஷயத்தில் மட்டும் அளக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இது எனக்குச் சம்மதமில்லை. அளக்கும் கருவி நுண்செயலிக்கு உள்ளேயே இருக்கிறதே!

1993இல் வெளிவந்த பென்டியம் நுண்செயலியிலேயே இத்தகைய எண்ணிகள் இரண்டு இருந்தன. எத்தனை ஆணைகள் முடிந்தன, தேடிய தகவல் பக்கத்திலுள்ள கேஷ் நினைவகத்தில் கிடைக்காமல் எத்தனை முறை தொலைவுக்குப் போக நேர்ந்தது என்றெல்லாம் இவை எண்ணும்.

மொத்தக் கணக்கு மட்டும் போதுமா? தாமதம் எந்த இடத்தில் என்றல்லவா தெரிய வேண்டும்? புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. கண்மாய் நிறைந்தால் கலிங்கில் தண்ணீர் வழியும். சத்தம் கேட்டு ஊரே கரைக்கு வரும். எண்ணியும் அப்படித்தான். 10,000 நிகழ்ச்சிக்கு ஒரு முறை பார்க்க வேண்டுமானால், நிரம்புவதற்குச் சரியாக 10,000 குறையும்படி அதை வைத்துவிடுவார்கள். அது வழிந்ததும் ஒரு மின் சைகை எழும். இதுவே குறுக்கீடு. ஓடிக்கொண்டிருந்த வேலை நிற்கும். இயக்க அமைப்பின் மையமான கெர்னல், எந்த எண்ணி வழிந்தது, அப்போது எந்த ஆணை நடந்தது என்று குறித்துக்கொண்டு, எண்ணியை மறுபடி 10,000 குறைவாக வைத்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரவிடும். குறிப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும், அடிக்கடி பெயர் அடிபடும் வரி எது என்பது தெரிந்துவிடும். (சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் சில ஆணைகள் கடந்துபோயிருக்கலாம். ஆகவே குறித்த வரிக்குச் சற்று முன்னாலும் பாருங்கள்.)

ஒரு சிக்கல் உண்டு. நுட்பமான வேலைகளின்போது கெர்னல் குறுக்கீடுகளைத் தடுத்து வைக்கும். அப்பகுதிகள் கணக்கில் சிக்காமல் தப்பிவிடுமே! முன்னறிவிப்போடு வரும் ஆய்வாளர் பார்க்கும் வகுப்பறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அதனால்தான் இன்டெல் நுண்செயலிகளில் லினக்ஸ் இதைத் தடுக்கவே முடியாத குறுக்கீடாகப் பெறுகிறது. அதற்கு விலையும் உண்டு. கெர்னல் ஒரு பட்டியலைப் பூட்டிவைத்துத் திருத்தும் வேளையிலும் அது வந்து நிற்கும். வந்த நிரல் அதே பூட்டுக்காகக் காத்திருந்தால் எல்லாம் உறைந்துவிடும். ஆகவே அது எதற்கும் காத்திராமல் நொடியின் சிறு துளியில் வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். சிறு கிண்ணத்து வெந்நீரில் பெரிய வெப்பமானியை வைத்தால் அதுவே சூட்டைக் குடித்துவிடும் அல்லவா? அளவீடு நேரத்தை அதிகம் தின்றால் லினக்ஸ் தானே அளக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வழக்கமான வரம்பு 25 சதவீதம்.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவர் உலோகத் தகட்டில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட நிரல் எழுதினார். ஒரு பாடவேளை முழுவதும் ஓடியது. புது மெஷின் வேண்டும் என்றோம், நானும்தான் சொன்னேன். எண்ணியைக் கேட்டுப் பார்த்தால் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே வரியைக் காட்டின. சி மொழி அட்டவணையை வரிசை வரிசையாகச் சேமிக்கிறது. அவரோ பத்தி பத்தியாகப் படித்திருந்தார். இரண்டு லூப்களை இடம் மாற்றினார். தேநீர் குடித்து வருவதற்குள் விடை காத்திருந்தது.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி நுண்செயலி 2018இல் லினக்ஸை இயக்கிக் காட்டியது. பெருமைதான். ஆனால் அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் விதிமுறையில், எண்ணிகள் முன்பே இருந்தும், வழிந்தால் குறுக்கிடும் ஏற்பாடு 2021இல்தான் ஏற்கப்பட்டது. அதுவும் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விரிவாக்கமாக. "முதலில் ஓடட்டும், அளப்பதைப் பிறகு பார்ப்போம்" என்பவர்கள் உண்டு. நான் ஒப்பவில்லை. நிரலைப் பிறகு திருத்தலாம். வார்த்துவிட்ட சில்லில் கலிங்கு வெட்ட முடியுமா? நம் நாட்டில் வடிவமைக்கும் ஒவ்வொரு சில்லிலும் இது முதல் நாளிலேயே இடம்பெற வேண்டும். அச்சில்லை வடிவமைக்கப் போகிறவர் உங்களில் ஒருவராக இருக்கலாம்.

அதுவரை, லினக்ஸ் உள்ள கணிப்பொறி ஒன்று கிடைத்தால், 2009 முதல் அதனுடன் வரும் 'பெர்ஃப்' என்ற கருவியை ஆசிரியரிடம் கேட்டு நிறுவிக்கொள்ளுங்கள். பெரிய அட்டவணை ஒன்றை வரிசையாக ஒரு முறை, பத்தியாக ஒரு முறை கூட்டி, இரண்டுக்கும் எண்ணி சொல்வதை நோட்டில் எழுதுங்கள்.