ஜன்னல் இருந்தால் மட்டும் போதுமா?

தாராவியில் புது வீடு என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதுர அடி?" என்பதுதான். தகுதியுள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி என்று 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அத்துடன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: அந்த வீட்டுக்குள் காற்று எவ்வளவு வரும்?

இது ஆடம்பரக் கேள்வி அல்ல. கோவண்டிப் பகுதியின் மறுவாழ்வுக் குடியிருப்புகளைப் பற்றி 2018-ல் வெளியான ஆய்வு, வெயிலும் காற்றும் குறைந்த வீடுகளில் காசநோய் அதிகம் என்று எடுத்துக்காட்டியது. அங்கே சில கட்டடங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சுமார் 3 மீட்டரே. காசநோய்க் கிருமி காற்றில் பரவுவது. காற்று மாறாத அறை அதற்குத் தோதான இடம். மின்விசிறி உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. புதுக் காற்றைக் கொண்டு வருவதில்லை.

காற்று வரவு ஜோசியம் அல்ல, கணக்கு. காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடுகிறது, மறுபக்கம் குறைகிறது. அந்த வித்தியாசமே காற்றை ஒரு ஜன்னலில் நுழைத்து எதிர்ப்புறம் வெளியேற்றுகிறது. இதில் சிறிய வழியின் அளவே முக்கியம். வெளியேறும் வழி கால் சதுர மீட்டர்தான் என்றால், நுழையும் ஜன்னலை 1 சதுர மீட்டரிலிருந்து 2 ஆகப் பெருக்கினாலும் காற்று கூடுவது நூற்றுக்கு 3 பங்குகூட இல்லை. நடைவழிப் பக்கத்துக் கதவுதான் வெளியேறும் வழி என்றால், இரவில் கதவைச் சாத்தியதும் அதுவும் போயிற்று!

இன்னொன்று. வெட்டவெளியில் தனித்து நிற்கும் கட்டடத்துக்குப் போடும் கணக்கு, நெருங்கி நிற்கும் கட்டடங்களுக்குச் செல்லாது. முன்னால் உள்ள கட்டடம் காற்றை மறைத்துவிட்டால், அழுத்த வித்தியாசமே குறைந்துபோகிறது. தரைப்பரப்பில் இத்தனை பங்கு ஜன்னல் என்ற விதி இதைக் காட்டாது.

மும்பையில் நிலம் அரிது, விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கட்டிய பிறகு சுவரை நகர்த்த முடியாது. வரைபடத்தில் கோட்டை நகர்த்தலாம். சுற்றுக் கட்டடங்களையும் சேர்த்து, காற்றுச் சுரங்கத்திலோ கணினியிலோ முன்கூட்டியே கணித்து, கீழ்த்தள வீடுகள் உட்பட ஒவ்வொரு வீட்டுக்கும் கிடைக்கும் காற்றின் அளவை வெளியிட வேண்டும். வீட்டுக்காகக் கையெழுத்திடும் முன் இதைக் கேட்பது நம் உரிமை. தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இப்போதே கேட்கட்டும்.