லாரியில் ஏற்றினால் போதுமா? கட்ட வேண்டாமா?

வானூர் வட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. அந்த ஊருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, வக்கிரகாளியம்மன் கோவில். மற்றொன்று, கல்லாக மாறிப்போன மரங்கள். அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள்!

மூன்றாவதாக ஒன்றும் அந்தப் பக்கத்தில் உண்டு. அதுதான் கல் குவாரி. பாறையை உடைத்து ஜல்லி ஆக்குகிறார்கள். ஜல்லி இல்லாமல் நாம் வீடு கட்ட முடியாது. ஆகவே, லாரிக்காரர்களைத் திட்டுவது நம் நோக்கம் அல்ல.

ஆனால், ஒன்றை நினைத்துப் பாருங்கள். பவுர்ணமி அன்று கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் கோவிலுக்குப் போகிறார்கள். நடுவே குழந்தை. முன்னால் ஒரு ஜல்லி லாரி. பலகைக்கு மேலே குவித்து ஏற்றியிருக்கிறது. தார்ப்பாய் கிடையாது. வேகத்தடையில் லாரி ஒரு குலுங்கு குலுங்குகிறது. ஜல்லி சிதறுகிறது.

தார் ரோட்டில் கிடக்கும் ஜல்லி, கோலிக்குண்டு மாதிரி. அதன் மேல் சக்கரம் ஏறினால் பிரேக் நிற்காது. வண்டி சரியும். பின்னால் வருவதும் ஒரு லாரியாக இருந்தால்...?

இதைத் தடுக்க என்ன வேண்டும்? பலகை மட்டத்துக்கு அளவான பாரம், ஒரு தார்ப்பாய், கொஞ்சம் கயிறு, பத்து நிமிடம். அவ்வளவுதான்!

கனமான பொருள் நகராதா?

"இவ்வளவு கனம்! இது எங்கே நகரப் போகிறது?" என்று சிலர் கேட்பார்கள். இது தப்புக் கணக்கு.

பஸ்சில் நின்றுகொண்டு போகிறோம். டிரைவர் திடீர் என்று பிரேக் போடுகிறார். பஸ் நிற்கிறது. நாம் நிற்கிறோமா? முன்னால் போய் விழுகிறோம். லாரியில் உள்ள பாரமும் அப்படித்தான். கனம் கூடக் கூட, அது பாயும் வேகத்தைத் தடுப்பதும் கஷ்டம்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 10 டன் பாரம் என்றால், அது முன்னால் பாயாமல் இருக்க 8 டன் இழுப்பைத் தாங்கும்படி தடுப்பும் கட்டும் வேண்டும். பக்கவாட்டில் 5 டன்.

இரும்புக் கம்பியும் சவுக்குக் கட்டையும் முன்னால் பாய்ந்தால், முதலில் நசுங்குவது டிரைவரும் கிளீனரும்தான்.

ஒரு தடவை கட்டினால் மட்டும் போதாது. கொஞ்ச தூரம் ஓடியதும் சரக்கு அமுங்கும், கயிறு தளரும். நிறுத்தி, மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பழகிய கிளீனருக்கு இது தெரியும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று போனில் விரட்டுகிற முதலாளிக்குத்தான் தெரிவது இல்லை!

யார் குற்றம்?

லாரிக்குப் பின்னால் 1 மீட்டர் வரை கம்பி நீட்டிக்கொண்டு இருக்கலாம் என்று முன்பு விதி இருந்தது. அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி. இருட்டில் துணி எங்கே தெரியும்? 2014-ல் மத்திய அரசு அந்தச் சலுகையை நீக்கியது.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. பாரம் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் 20 ஆயிரம் ரூபாய் அபராதம். அளவுக்கு மேல் ஏற்றினாலும் 20 ஆயிரம். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம். ஓட்டியவர் மட்டும் அல்ல, ஓட்டச் சொன்னவரும் குற்றவாளி என்கிறது சட்டம்.

ஆனால், ரோட்டில் அகப்படுவது டிரைவர்! நடைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி பேசினால், கட்டுகிற நேரம் அவருக்கு நஷ்டம். பிறகு அவர் எப்படி நின்று நிதானமாகக் கட்டுவார்?

ஆகவே, சோதனையைக் குவாரி வாசலிலேயே தொடங்க வேண்டும். எடை மேடையில் தார்ப்பாய் போடாத லாரிக்குச் சீட்டு கொடுக்கக் கூடாது. கட்டுகிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று பேசி முடிக்க வேண்டும். மாவட்ட அதிகாரிகளும் குவாரிக்காரர்களும் ஒரு நாள் உட்கார்ந்தால், அடுத்த பவுர்ணமிக்குள் இதைச் செய்துவிடலாம்.