"தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்" என்போரே!



கணவரை இழந்து மூன்று வாரங்களே ஆகியிருந்த சகோதரி ஒருவர், தமிழ் முஸ்லிம்களின் மார்க்கக் கேள்வி–பதில் களம் ஒன்றில் ஒரு நாள் நள்ளிரவில் எழுதினார். கணவரின் வங்கிக் கணக்குத் தொடர்பாக நேரில் வந்து கையொப்பமிடும்படி வங்கியில் சொல்கிறார்கள். இத்தாவில் இருக்கும் நான் போகலாமா என்பதே அவருடைய கேள்வி. மறுநாள் காலை பதில் வந்தது. "இது பலமுறை பதிலளிக்கப்பட்ட கேள்வி. தேடிப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்." அதற்குக் கீழே, இனி எவரும் மறுமொழி இட முடியாதபடி ஒரு பூட்டுக் குறி.

அவர் தேடாமல் கேட்கவில்லை. அந்தக் களத்தின் தேடுபெட்டியில் "இத்தா" என்று இட்டுப் பார்த்ததாகவும், முடிவுகள் ஏதுமில்லை என்று வந்ததாகவும் கேள்வியின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். பூட்டியவர் அந்த வரியைப் படிக்கவில்லை. படித்திருந்தால் தம் வீட்டுக் கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கிறது என்பதையாவது அறிந்திருப்பார்.

அக்கேள்விக்கான பதில் அந்தக் களத்தில் இருக்கத்தான் செய்தது. நம்மில் இருவர் இரண்டு மாலைப் பொழுதுகள் செலவிட்டு, பக்கம் பக்கமாகப் பின்னோக்கிச் சென்று அதைக் கண்டெடுத்தோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஆலிம் ஒருவர் பொறுமையாக, ஆதாரங்களோடு எழுதிய பதில் அது. பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் கூறும் நான்கு மாதம் பத்து நாள், கர்ப்பிணியாயின் தலாக் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கூறும் பிரசவம் வரையிலான காலம், தேவையை முன்னிட்டுப் பகலில் வெளியே சென்றுவர இருக்கும் அனுமதி என யாவும் அதில் இருந்தன. ஆனால் அவர் "இத்தத்" என்று எழுதியிருந்தார். தலைப்போ "ஒரு சகோதரியின் சந்தேகம்". அந்தக் களத்தில் அதே தலைப்பில் எத்தனை இழைகள் உள்ளன என்று எண்ணத் தொடங்கி, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டோம்.

அந்த இடைவெளியில் சகோதரியிடம் போய்ச் சேர்ந்தது வேறொன்று. உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி: இத்தாவில் இருப்பவள் கண்ணாடி பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்கக் கூடாது, இருட்டறையை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் அதைப் பெற எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே வந்து சேர்ந்தது. ஆதாரமுள்ள பதில் புதைந்து கிடக்க, ஆதாரமற்றது கைக்கு வந்துவிடுகிறது என்பதே நம் முறையீடு.

இது தொழில்நுட்பம் அறிந்தோரின் சிறு குறை என்று எண்ணிக் கடந்து செல்வோருக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய விவாதக் களங்களில் பல மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தின் மேல் எழுந்தவை. அதன் பழைய மைஐசாம் அமைப்பில், நான்கு குறியீடுகளுக்குக் குறைந்த சொற்கள் முழுச்சொல் தேடலில் சேர்க்கப்படுவதில்லை, அதுவே இயல்புநிலை. கணினியின் கணக்கில் "ஹஜ்" மூன்று குறியீடுகள்: ஹ, ஜ, புள்ளி. "நபி" மூன்று. "துஆ" மூன்று. ஆக ஹஜ்ஜையும் நபியையும் துஆவையும் தேட முடியாத ஓர் இஸ்லாமியக் களத்தை ஆண்டுக்கணக்கில் நடத்திவிட்டு, வருவோரைப் பார்த்துத் தேடுங்கள் என்கிறோம். இன்னொரு விதியும் அங்கே உண்டு. மொத்தப் பதிவுகளில் பாதி அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் ஒரு சொல் இருக்குமானால், அதைப் பயனற்ற பொதுச்சொல்லாகக் கருதி அந்தத் தேடல் ஒதுக்கிவிடும். நம் களங்களில் பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் இருக்கும் சொல் எதுவென்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. சொற்களின் நீள வரம்பை மாற்ற ஓர் அமைப்பு வரியைத் திருத்தி அட்டவணையை மீண்டும் கட்டினால் போதும். பாதிக் கணக்கிலிருந்து விடுபட, தேடும் முறையை மாற்றினால் போதும். செய்தவர்கள் மிகச் சிலரே.

அடுத்து, தமிழின் இயல்பு. "நோன்பு" என்று தேடினால் நோன்பை, நோன்பில், நோன்பின் ஆகிய எதுவும் அகப்படாது. உகரம் மறைந்து வேறு உயிர் ஏறிவிடுவதால் கணினிக்கு அவை வேறு சொற்கள். "திருமணம்" தேடுவோருக்குத் திருமணத்தில் கிடைக்காது. "கடன்" தேடுவோருக்குக் கடனை, கடனுக்கு இரண்டும் கிடைக்கா. வேற்றுமை உருபு ஏறாமல் தமிழில் எவரும் எழுதுவதில்லை என்பதை இந்தத் தேடுபெட்டிகளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, "நோ" என்னும் எழுத்தையே இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒன்றாகவும் இடலாம், இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தட்டச்சு மென்பொருளைப் பொறுத்து உள்ளே வேறுபடும். அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளாத தேடலுக்கு ஒன்று மற்றொன்றைத் தெரியாது. ஒருங்குறிக்கு முந்திய பாமினி, டிஸ்கி முதலிய குறியாக்கங்களில் எழுதி, மாற்றப்படாமலே கிடக்கும் கட்டுரைகளைப் பற்றி என்ன சொல்வது? அவை இன்று பொருளற்ற எழுத்துக் குவியல்கள்.

இவை யாவும் கணினியின் குற்றம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நம் குற்றம் அதைவிடப் பெரிது.

ஒரே சொல்லை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ரமலான், ரமளான், ரமழான், ரமதான், ரம்ஜான். ஜகாத், ஸகாத், ஜக்காத். வுளூ, உளூ, ஒளு, வுழூ. ஹதீஸ், ஹதீது. தமிழகத்து எழுத்து ஒன்று, இலங்கை எழுத்து வேறு, ஒவ்வோர் அமைப்பின் எழுத்தும் அதனினும் வேறு. இதற்குக் காரணம் அறியாதவர்கள் அல்லர் நாம். அரபியின் ளாத் என்னும் எழுத்துக்குத் தமிழ் எழுத்து இல்லை; ல, ள, ழ, த, ஜ என ஒவ்வொருவரும் தம் காதுக்குப் பட்டதை இட்டார்கள். நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதியபோது இந்தத் தொல்லை எழவில்லை. அரபுச் சொல் அரபு எழுத்திலேயே நின்றது. அதை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்துக்கு வந்தோம். வந்தது சரியே. ஆனால் வந்தபின் ஒரு பொதுப் பட்டியலைக்கூட உருவாக்கிக்கொள்ளாமல், எந்த எழுத்துச் சரி என்று சண்டையிட்டுக்கொண்டோம். எழுத்துக்கூட்டலைக் கண்டே எழுதியவர் எந்த அமைப்பு என்று சொல்லிவிடுவோரும் நம்மிடையே உண்டு. அவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறோம்.

விளைவு சில வேளைகளில் சிரிப்பை வரவழைக்கும். பெருநாள் தர்மத்தின் அளவான "ஸாஉ" என்பதை எழுதத் தெரியாமல் "சாவு" என்று தேடியவருக்கு ஜனாஸாச் சட்டங்கள் வரிசையாக வந்தன. அந்தத் தர்மத்தையே ஊர் வழக்கில் "பித்ரு" என்று தேடியவருக்கு, பொதுத் தேடலில் அமாவாசைத் தர்ப்பணம் செய்யும் முறை வந்தது. சிரித்துவிட்டு யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அவர்கள் தேடியது பெருநாளுக்கு முந்திய இரவில், தொழுகைக்குமுன் கொடுத்து முடிக்க வேண்டிய ஒரு கடமையைப் பற்றி.

நபிமொழி எண்களிலும் இதே குழப்பம். ஸஹீஹ் முஸ்லிமை முஹம்மத் ஃபுஆத் அப்துல் பாக்கி 3033 முதன்மை எண்களில் அடக்கினார். திரும்ப வரும் அறிவிப்புகளையும் தனித்தனியே எண்ணும் பதிப்புகளில் இறுதி எண் ஏழாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. "முஸ்லிம் 2564" என்று மட்டும் எழுதிவிட்டு, எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் போகிறவரை என்னவென்பது? எண்ணைத் தேடிச் சென்றவர் வேறொரு ஹதீஸைக் கண்டு, எழுதியவர் பொய்யுரைத்துவிட்டார் என்று எண்ணுகிறார். இவ்வாறு தொடங்கிய சச்சரவுகளை நாம் கண்டிருக்கிறோம்.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை. இமாம் புகாரி அவர்கள், எண்ணங்களைக் கொண்டே செயல்கள் அமைகின்றன என்னும் பொருளுடைய ஹதீஸைத் தம் நூலில் ஏழு இடங்களில் வைத்தார்கள். வஹீயின் தொடக்கத்தில் ஒன்று. ஈமானைத் தேடுவோருக்கு ஒன்று. திருமணத்தைத் தேடுவோருக்கு ஒன்று. சத்தியங்களைத் தேடுவோருக்கு ஒன்று. எந்த வாசல் வழியாக நுழைந்தாலும் அது கண்ணில் படும். 1341இல் மறைந்த இமாம் மிஸ்ஸி, ஆறு நூல்களின் ஹதீஸ்களையும் அறிவித்த நபித்தோழரின் பெயரால் தேடிக்கொள்ளும்படி துஹ்ஃபத்துல் அஷ்ராஃபைத் தொகுத்தார். இமாம் ஸுயூத்தி தம் அல்ஜாமிஉஸ் ஸகீரை ஹதீஸின் தொடக்கச் சொல்லின் அகர வரிசையில் அமைத்தார். மின்சாரம் இல்லாத காலத்தில், எண்ணெய் விளக்கின் ஒளியில், பின்னால் வரும் முகமறியாத ஒருவர் தேடுவார் என்பதற்காக ஆயுளைச் செலவிட்டவர்கள் அவர்கள். ஹதீஸ்களைச் சொல்வாரியாகத் தேடும் மாபெரும் அகராதியின் முதல் தொகுதி 1936இல் லெய்டனில் வெளிவந்தது. அதைத் தொடங்கியவர் வென்சின்க் என்னும் டச்சு அறிஞர், முஸ்லிம் அல்லர். நம் தரப்பில் அப்பணிக்குத் தோள் கொடுத்தவர் மேலே சொன்ன ஃபுஆத் அப்துல் பாக்கி. இன்று நம் கையில் கணினி இருக்கிறது. "ஒரு சகோதரியின் சந்தேகம்" என்று தலைப்பிடுகிறோம்.

ஆலிமிடம் நேரில் சென்று கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், அதுவே சிறந்தது. ஆனால் இத்தாவில் இருக்கும் பெண்ணுக்கும், வெளிநாட்டில் தனியறையில் வாழும் இளைஞனுக்கும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவி வீட்டாருக்கு அஞ்சி வாழ்பவருக்கும் நள்ளிரவில் திறந்திருக்கும் வாசல் இதுதான். கூகுள் இருக்கிறதே என்பார்கள். உறுப்பினர்க்கு மட்டுமான குழுக்களுக்குள் கூகுள் நுழைவதில்லை. படமாக்கி வெளியிட்ட சுவரொட்டியிலும் எழுத்தாக மாற்றப்படாத ஒலிப்பதிவிலும் குழுக்களின் தேடுபெட்டிகளுக்கு எதுவும் அகப்படுவதில்லை. நாற்பது நிமிட உரையில் பதினேழாம் நிமிடத்தில் சொல்லப்பட்ட சட்டத்தை எவர் எவ்வாறு தேடுவது?

நஹ்ல் அத்தியாயத்தின் 43ஆம் வசனம், அறியாதவரைக் கேட்கும்படி பணிக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்னும் நிபந்தனை அங்கே இல்லை; அதைச் சேர்த்தவர்கள் நாம். கேட்கப்பட்ட அறிவை மறைப்பவர் குறித்த கடும் எச்சரிக்கை அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியிருக்கிறது. வேண்டுமென்றே மறைப்பதும் கவனக்குறைவால் புதைத்துவிடுவதும் ஒன்றென்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் புதைத்தது தாம் என்று அறிந்த பின்னரும் கேட்டவரைக் கடிந்து கதவைப் பூட்டுபவர், தாம் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். நாமும் தூயவர்கள் அல்லர். சென்ற ரமளானில் நம்மிடம் வந்த ஒரு கேள்விக்கு நாமே "முன்பே எழுதிவிட்டோம்" என்று பதிலிட்டோம். பிறகு அதைத் தேடிப் பார்த்தபோது நமக்கே கிடைக்கவில்லை. கிடைத்த வேறொரு பதிவிலோ ஜகாத்துக்கான தங்கத்தின் அளவுக்குப் பக்கத்தில் எப்போதோ இருந்த விலை, தேதி இல்லை.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. கேள்வியையே தலைப்பாக்குங்கள். பதிலின் அடியில், அச்சொல்லை மக்கள் எழுதும் எல்லா விதங்களையும் ஒரு வரியில் இடுங்கள்: இத்தா, இத்தத், இத்தாஹ், காத்திருப்புக் காலம். தேதியும் பதிப்பின் பெயரும் எழுதுங்கள். ஒலிப்பதிவு போடுவதாயின் அதன் சாரத்தை நான்கு வரி எழுத்தாகவும் தாருங்கள். மதரஸா மாணவர்கள் பத்துப் பேர் ஒரு விடுமுறையில் அமர்ந்தால் ஒரு களத்தின் பழைய இழைகளுக்கு ஒழுங்கான தலைப்பிட்டுவிடலாம். ஆலிம்கள் பதில் எழுதுவதற்குச் செலவிட்ட உழைப்போடு ஒப்பிட்டால் இது பொருட்டே அன்று. இவற்றில் எதையும் செய்ய இயலாதவர், மீண்டும் வந்த கேள்விக்கு மீண்டும் பதில் சொல்லட்டும். அல்லது தாமே தேடியெடுத்து இணைப்பைக் கொடுக்கட்டும்.

கண்டெடுத்த பழைய பதிலை அந்தச் சகோதரிக்குத் தனியே அனுப்பிவைத்தோம். வங்கி சொன்ன தேதி அதற்குள் கடந்துவிட்டிருந்தது. இழையின் பூட்டைத் திறந்து பதிலின் இணைப்பை அங்கே இடுமாறு களத்தின் நிர்வாகிகளுக்கு இருமுறை எழுதினோம். அவருடைய இத்தாக் காலமே முடிந்துவிட்டது. இழை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது.