சகோதரிக் கப்பல்களை ஆர் பாக்கிறது?

2013 ஜூன் 17. ஏமன் கரையிலிருந்து கிட்டத்தட்ட 200 கடல் மைல் தள்ளி, மொல் கொம்ஃபோர்ட் என்ற கொள்கலன் கப்பல் நடுவால முறிஞ்சது. பாறையில ஏறேல்ல, இன்னொரு கப்பலோட முட்டேல்ல. தென்மேற்குப் பருவக்காற்றுக் கடலில ஓடிக்கொண்டு இருக்கேக்கதான் முறிஞ்சது. சிங்கப்பூரிலிருந்து ஜித்தாவுக்குப் போன கப்பல், அதாவது எங்கட தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால போற பெருவழியில வந்த கப்பல். வயசு வெறும் ஐந்து.

கப்பலில இருந்த 26 பேரும் உயிர் தப்பினார்கள். இரண்டு துண்டுகளும் தனித்தனியா மிதந்தன. பின்துண்டு ஜூன் 27இல தாண்டது. முன்துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள், அதில ஜூலை 6இல தீப்பிடிச்சு 11ஆம் திகதி அதுவும் தாண்டது. மொத்தமா 4,382 கொள்கலன்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் எங்கட கண்ணுக்கு முன்னால எரிஞ்சது, பிளாஸ்ரிக் மணிகள் கரையில வந்து குவிஞ்சது, அதால அதைப் பற்றி நாங்கள் இன்னும் கதைக்கிறம். கொம்ஃபோர்ட் கரை தெரியாத இடத்தில, கிலோமீற்றர் கணக்கான ஆழத்துக்குப் போனது. ஆர் கதைச்சது?

நான் கதைக்க நினைக்கிறது அந்தக் கப்பலைப் பற்றி மட்டும் இல்லை. ஒரே வரைபடத்தை வைச்சு ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கட்டுற கப்பல்களை ஒரு வகுப்பு என்று சொல்லுவார்கள். கொம்ஃபோர்ட் ஜப்பானில, மிட்சுபிஷியின் நாகசாகி தளத்தில கட்டின அப்படியொரு வகுப்பைச் சேர்ந்தது. 316 மீற்றர் நீளம், இருபதடிக் கொள்கலன் கணக்கில 8,110 ஏத்தலாம். ஒன்று முறிஞ்ச நேரம் அதன் சகோதரிகள் நிறையச் சரக்கோட வேற வேற கடல்களில ஓடிக்கொண்டிருந்தன. அதிலயும் ஆக்கள் இருந்தார்கள்.

ஏன் முறிஞ்சது என்று விளங்க, ஒரு நீட்டுப் பலகையை நடுவில கல்லு வைச்சு அதுக்கு மேல போடுங்கோ. இரண்டு அந்தத்திலயும் பாரம் ஏத்துங்கோ. பலகையின் மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நெரிபடும். பெரிய அலையின் முகடு கப்பலின் நடுவுக்குக் கீழ வரேக்க இதேதான் நடக்குது. கொள்கலன் கப்பலுக்கு இது கூடுதல் பிரச்சினை, ஏனெண்டால் பாரந்தூக்கியால பெட்டிகளை மேலயிருந்து இறக்கவேணும், அதால அது மூடி இல்லாத சப்பாத்துப் பெட்டி மாதிரி. மேல மூடி இல்லாத குறையைத் தீர்க்க விளிம்பில தடிச்ச உருக்கு வைப்பார்கள். இந்த வகுப்பில அந்த இடத்துக்கு அப்ப புதுசா வந்த உயர்வலு உருக்கையே பாவிச்சார்கள். ஆனா முறிவு தொடங்கினது மேல இல்லை, அடியில. நெரிபட்ட அடித்தகடு மடங்கிக் குடுத்திட்டுது.

இதை எப்பிடிக் கண்டுபிடிச்சார்கள்? தாண்ட கப்பலைப் பாக்க வழியில்லை. சாட்சி சொன்னது சகோதரிகள். அவற்றின் அடித்தகடுகளைச் சோதிச்சபோது சிலதில ஏறக்குறைய 20 மில்லிமீற்றர் அளவுக்கு வீங்கல் இருந்தது. இரண்டு சென்ரிமீற்றர்! 316 மீற்றர் கப்பலில இதைக் கண்ணால ஆர் கவனிக்கப்போறான் என்று கேட்கலாம். ஆனா பாரம் தாங்கிற தகட்டில அது சின்ன விசயம் இல்லை. கொம்ஃபோர்ட்டை ஓட்டின நிறுவனம் தன்னட்ட இருந்த ஆறு சகோதரிகளையும் சேவையிலிருந்து எடுத்து அடிப்பகுதியைப் பலப்படுத்தினது. அது சரியான வேலை, அதில எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என்ர பிரச்சினை அதுக்கு முதல் நடந்தது, அல்லது நடக்காதது. கொம்ஃபோர்ட்டின் வடிவமைப்பு அன்றைய விதிகள் எல்லாத்தையும் பூர்த்தி செய்தது. அந்த விதிகளை எழுதி, அதன்படி கப்பல் கட்டியிருக்கு என்று சான்றிதழ் குடுக்கிறது வகுப்புச் சங்கங்கள். அவைக்குக் காசு குடுக்கிறது கப்பல் சொந்தக்காரர். விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு ஒன்றை அமைச்சதும் கொம்ஃபோர்ட்டுக்குச் சான்றிதழ் குடுத்த அதே சங்கம். அறிக்கையை ஒளிக்காமல் வெளியிட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேணும். ஜப்பான் அரசும் தனியா ஒரு குழு வைச்சது. என்றாலும் தன்ர விடைத்தாளைத் தானே திருத்துற ஏற்பாட்டை எங்கட பீடத்தில ஒருத்தரும் ஏற்கமாட்டார்கள். கடலில மட்டும் ஏன் அது வழமை?

முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. 2007 ஜனவரியில எம்எஸ்சி நப்போலி ஆங்கிலக் கால்வாயில உடல் மடங்கி உடைஞ்சது. அதை இங்கிலாந்தின் டெவன் கரையில வேணுமென்றே தரைதட்ட வைச்சார்கள், அதால புலனாய்வாளர்களுக்குக் கப்பலே கையில கிடைச்சது. ஈரம்படாத 660 கொள்கலன்களை நிறுத்துப் பாக்க, 137 பெட்டிகளில சொன்ன நிறைக்கும் உண்மை நிறைக்கும் 3 தொன்னுக்கு மேல வித்தியாசம். ஒன்றில 20 தொன்! (நப்போலி என்றால் கரையில ஒதுங்கின மோட்டார் சைக்கிள்களைச் சனம் உருட்டிக்கொண்டு போனதுதான் எல்லாருக்கும் ஞாபகம். அறிக்கையை வாசிச்சவை குறைவு.) அலை அடிச்சு உடல் அதிருறதால கூடுற விசையை ஆராயச் சொல்லி, கப்பல்களின் நீளவாட்டுப் பலத்துக்கான பொதுவிதியை மீளப் பாக்கச் சொல்லி 2008இல பிரித்தானியப் புலனாய்வாளர்கள் வகுப்புச் சங்கங்களின் கூட்டமைப்புக்குப் பரிந்துரைச்சார்கள்.

கொள்கலன் கப்பல்களுக்கென்று புதிய பலவிதி வந்தது 2015இல. நடுவில ஏழு வருசம். அந்த ஏழு வருசத்துக்குள்ளதான் கொம்ஃபோர்ட் முறிஞ்சது. ஆராய்ச்சிக்குக் காலம் வேணும் என்று சொல்லுவார்கள், ஓரளவுக்கு உண்மைதான். ஆனா அதே காலத்தில 18,000 பெட்டி ஏத்திற, 400 மீற்றர் நீளக் கப்பல்களை வடிவமைச்சு, கட்டி, கடலில விட்டும் முடிச்சார்கள். அதுக்கு ஆராய்ச்சி பிந்தேல்ல.

நிறை விசயத்திலயும் இதே கதைதான். ஏத்த முதல் கொள்கலனின் நிறையை உறுதிப்படுத்த வேணும் என்ற சர்வதேசக் கட்டாயம் 2016 ஜூலை 1இலதான் வந்தது, நப்போலிக்கு ஒன்பது வருசத்துக்குப் பிறகு. புதிய பலவிதியும் அதே நாளிலிருந்துதான், அதுவும் அன்றைக்குப் பிறகு கட்ட ஒப்பந்தமான கப்பல்களுக்கு மட்டும். ஒரு கொள்கலன் கப்பல் இருபத்தைந்து வருசம் ஓடும். 2016க்கு முதல் ஒப்பந்தமானவை பழைய கணக்கோடதான் இன்றைக்கும் தெய்வேந்திரமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கு.