யாருக்கு வெட்கம்?

பதுளை நகரத்துப் பாடசாலை ஒன்றில் பத்தாந்தரம் பயிலும் மாணவி ஒருத்தியை நாம் அறிவோம். அவளுடைய வெள்ளைச் சீருடையில் சுருக்கம் இராது. சப்பாத்தில் சேறு இராது. பசறை வீதியில் வரும் பஸ்ஸில் அவள் ஏறுவது தன் தோட்டத்துச் சந்தியில் அன்று. அரை மைல் நடந்து, அடுத்த தரிப்பிடத்திலேதான் ஏறுவாள். பாடசாலைப் பதிவேட்டில் அவள் கொடுத்திருந்தது, மாமன் வேலை செய்யும் புடைவைக்கடையின் விலாசம். பெற்றார் கூட்டங்களுக்கு மாமி வருவாள், தாய் வருவதில்லை. ஏனெனில் தாயின் விரல்களில் தேயிலைக் கறை உண்டு. எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறை அது. அவள் கொழுந்து பறிக்கும் தொழிலாளி. அவர்கள் குடியிருப்பது லயத்துக் காம்பரா ஒன்றில். பதினைந்து வயதுச் சிறுமி நெஞ்சில் பூட்டி வைத்திருந்த பரம இரகசியம் இவ்வளவே.

சென்ற ஆண்டு அது வெளிப்பட்டுவிட்டது. "பெற்ற தாயையே மறைக்கிற பிள்ளை நாளைக்கு எதைத்தான் மறைக்காது?" என்று வகுப்பு முழுவதும் கேட்க ஆசிரியர் ஒருவர் வினவினார். அதன்பின் ஒரு வாரம் அவள் பாடசாலைக்கு வரவில்லை.

அந்த ஆசிரியரின் கேள்வியை அவரிடமே, ஏன், ஆசிரியராகிய நம் எல்லோரிடமும் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மறைக்கக் கற்றுக்கொடுத்தது யார்? கரும்பலகையில் எழுதி எவரும் கற்பிக்கவில்லை, உண்மைதான். ஆயினும் ஆசிரியர் அறையில் "தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று நாம் சிரித்த சிரிப்பு அவள் காதில் விழுந்தது. 'தோட்டக்காட்டான்' என்ற வசையை, அதே தோட்டத்திலிருந்து படித்து முன்னேறி நகரத்தில் வீடு கட்டியவர்களின் வாயிலிருந்தே அவள் கேட்டாள். நம்மில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். திருமண அழைப்பிதழில் தோட்டத்தின் பெயரைத் தவிர்த்து நகரத்தின் பெயரை அச்சிடுகிறவர்கள் நாமல்லவா? நாம் கௌரவம் என்று பெயரிட்டு வளர்ப்பதை ஒரு சிறுமி செய்தால் மட்டும் அது பொய்யாகிவிடுமா?

இந்த மறைப்பு ஒரு சிறுமியின் குணக்கேடு அன்று. ஒரு சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட வரலாறு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அவற்றுள் பதுளையும் ஒன்று. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த வாக்காளரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை அந்தப் பக்கத்துக்கும், 3 இலட்சம் பேரை இந்தப் பக்கத்துக்கும் எனத் தராசில் நிறுத்துப் பங்கிட்டது. 1983 வன்செயலின்போது பதுளை நகரமும் எரிந்தது. அச்சம் ஒரு புறம், இகழ்ச்சி ஒரு புறம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டோர் ஏறத்தாழ 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். மலையகத்தவரில் மேலும் பலர் தம்மை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டதை ஆய்வாளர் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். அரசாங்கத்தின் கணக்கேட்டிலேயே பெரியவர்கள் ஒதுங்கி நின்ற இடத்தில், பாடசாலைப் பதிவேட்டில் ஒரு குழந்தை ஒதுங்கி நின்றது அதிசயமா?

அவள் தந்த பொய் விலாசத்தில் வெறும் பகட்டு மாத்திரமா இருக்கிறது? தோட்டத்து மக்களின் கடிதங்கள் நெடுங்காலம் தோட்டக் கந்தோரின் வழியாகவே வந்து சேர்ந்தன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை நாள் கழிந்தபின் கைக்குக் கிடைத்த கதை இல்லாத தோட்டம் ஊவாவில் உண்டா? நான்கு தலைமுறை குடியிருந்தாலும் அந்தப் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா குடியிருப்பவனுக்குச் சொந்தமன்று. சொந்தமில்லாத வீட்டுக்கு இலக்கம் எதற்கு? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியபோது, எத்தனை பேர் புதையுண்டனர் என்பதே பல நாட்கள் தெளிவாகவில்லை. இருக்கும்போது விலாசம் இல்லாதவர்கள் இறக்கும்போதும் எண்ணிக்கைக்குள் எளிதில் அடங்கவில்லை.

"சுத்தமாக உடுத்து, நாகரிகமாகப் பழகு என்று நாம் சொன்னது தவறா?" என்று கேட்பார்கள். தவறன்று. ஆனால் ஒரு நாளைய சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்த தாய், அந்த வெள்ளைச் சீருடைக்கும் சப்பாத்துக்கும் எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்பதை நாம் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் தவறு. படங்கு கட்டி, அட்டைக்கடியில் நின்று அவள் பறித்த கொழுந்து உலகச் சந்தையில் 'ஊவாத் தேயிலை' என்று பெருமையோடு விலைபோகிறது. தேயிலைக்குத் தான் பிறந்த மலையின் பெயரைச் சொல்ல வெட்கமில்லை. அதைப் பறித்தவளின் மகளுக்கு மட்டும் ஏன் வெட்கம் வரவேண்டும்?

ஆகவே, ஆசிரியத் தோழர்களே, அந்தச் சிறுமியிடம் உண்மை பேசு என்று உபதேசிக்குமுன் உண்மை பேசத்தக்க வகுப்பறையை உண்டாக்குங்கள். பெற்றார் கூட்டத்தைப் பெரட்டுக்கும் கொழுந்து நிறுவைக்கும் இடைப்பட்ட வேலைநேரத்தில் வைத்துவிட்டு, தாய் வரவில்லையே என்று குறை கூறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், முடிந்தால் தோட்டத்திலேயே வையுங்கள். லயத்தில் பிறந்த ஆசிரியர் ஒவ்வொருவரும் வகுப்பின் முன் நின்று அதைச் சொல்லுங்கள். மாணவ நண்பர்களே, 2023இல் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, அந்த நடையின் பொருள் பழைய துயரை நினைந்து அழுவதன்று. காணியும், வீடும், அந்த வீட்டுக்கு ஓர் இலக்கமும் எம் உரிமை என்பதே அதன் பொருள். அக்கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.

அந்த மாணவி மீண்டும் பாடசாலைக்கு வருகிறாள். இப்போதும் அடுத்த தரிப்பிடத்திலேதான் பஸ் ஏறுகிறாள். அவள் தன் சந்தியில் தலைநிமிர்ந்து நின்று ஏறும் நாள் வரும்வரை, வெட்கப்பட வேண்டியவர்கள் நாம்.