சாவியைத் திருப்பும் முன்

இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த பிறகு வரும் சத்தத்தை, ஓடித் தேய்ந்ததால் வரும் சத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேய்மானம் மாதக்கணக்கில் மெல்ல வளரும். நேற்று பட்டறைக்குள் போகும்போது இல்லாத சத்தம் இன்று வெளியே வரும்போது இருக்கிறது என்றால், எதைக் கழற்றினார்கள், எதை மாட்டினார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கோவையில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் இதைக் கேட்காமல் பானட்டைத் தூக்க மாட்டார். என் சித்தப்பாவின் ஸ்விஃப்ட் டீசல், வேறொரு பட்டறையில் டைமிங் செயின் மாற்றிக்கொண்டு அவரிடம் வந்தது. ஐட்லிங்கில் நடுக்கம், மேடு ஏறப் பிக்கப் இல்லை, காலையில் வெள்ளைப் புகை, கூடவே மேல்பக்கம் ஒரு கடகடப்பு. சத்தத்தைக் கேட்கவைக்கலாம் என்று சித்தப்பா சாவியைத் திருப்பப் போனார். "ஸ்டார்ட் பண்ணாதீங்கண்ணா. மொதல்ல சாவிய எடுங்க" என்றார் மெக்கானிக்.

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. அது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி டீசல் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல பெயர்களில் ஓடியது. 2020 ஏப்ரலில் மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் நம் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தகைய இன்ஜின்களில் பிஸ்டன் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வு விலகியிருந்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் ஒரே இடம்தான். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். கேம் சக்கரத்தில் 40 பல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். செயின் ஒரு பல் தள்ளி விழுந்தால் கேம் 9 டிகிரி பிசகும், கிராங்க் கணக்கில் 18 டிகிரி. ஒரு பல் பிசகில் வண்டி பெரும்பாலும் ஓடும், மோசமாக ஓடும். டென்ஷனர் சரியாக இறுக்காமல் இன்னும் இரண்டு பல் தாவிவிட்டால் வால்வு வளையும், ராக்கர் உடையும். ஓட்டிக்கொண்டுதானே வந்தோம் என்ற சித்தப்பாவின் வாதம் அங்கே எடுபடவில்லை.

எல்லாச் சத்தத்துக்கும் டைமிங்தான் காரணம் என்று சொல்லவும் முடியாது. ஹெட் இறக்கி ஏற்றிய வண்டியில் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்குள் ஆயில் ஏறும் வரை கொஞ்ச நேரம் தடதடக்கும். அது தானாக அடங்க வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் சரியாக உட்காராவிட்டால் டாப்பெட் சத்தம் போலவே 'டிக் டிக்' என்று கேட்கும், சூடேறினால் குறையும். சீலன்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தால், பிதுங்கிய துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைத்து அழுத்தத்தைக் குறைக்கும். ஆயில் அழுத்தத்தை நம்பி வேலை செய்யும் டென்ஷனர் அப்போது செயினைத் தளர விட்டுவிடும். புதுச் செயின், புது டென்ஷனர், ஆனாலும் சத்தம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பட்டறைகள் ஆயில் சம்ப்பை இறக்கிப் பார்ப்பது நல்லது.

காதுக்கும் இதில் வேலை உண்டு. ஐட்லிங் 800 ஆர்பிஎம் என்றால் கிராங்க் நொடிக்குப் பதின்மூன்று முறை சுற்றும், கேம் ஏழுக்கும் குறைவு. நிதானமான, மேலிருந்து வரும் தட்டல் வால்வுப் பக்கம். அதைவிட வேகமான, அடியிலிருந்து வரும் கனத்த இடி கிராங்க் பக்கம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய வித்தை இன்றும் பொய்ப்பதில்லை. கம்ப்ரஷன் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் வால்வையோ கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே அளவு குறைந்தால் டைமிங்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்கேனரை மட்டும் நம்புவது எனக்கு உடன்பாடில்லை. பி0016 என்ற பிழைக் குறியீடு, கிராங்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பதோடு நின்றுவிடும். செயினா, சென்சாரா, வயரா என்பதைச் சொல்லாது. அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் கேம் சென்சாரை மாற்றிவிட்டுப் பணம் வாங்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது.

நம் மெக்கானிக் ஸ்கேனரை எடுக்கவே இல்லை. இந்த இன்ஜினில் கிராங்கையும் கேமையும் சரியான நிலையில் பூட்ட லாக் பின்கள் உண்டு. ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றி, கிராங்க் பின்னைச் செருகினார். நுழைந்தது. கேம் பின் நுழையவில்லை. செயின் கவரைக் கழற்றாமலேயே விஷயம் தெரிந்துவிட்டது. முன்பு வேலை செய்தவர்கள் பின் இல்லாமல் வெள்ளை பெயிண்ட் அடையாளத்தை வைத்துச் செயினைக் கோத்திருந்தார்கள். நடுவில் ஏதோ ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது. நல்லவேளையாக வால்வுகள் தப்பித்தன. திரும்பக் கோத்தபின் நடுக்கமும் புகையும் சத்தமும் போய்விட்டன.

செயினோ பெல்ட்டோ, மாட்டி முடித்ததும் ஸ்டார்ட்டரைத் தொடாமல் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, அடையாளங்கள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். செயினில் உள்ள நிறக் கண்ணிகள் அப்போது சேராது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம், சக்கரங்களின் குறிகளைப் பார்த்தால் போதும். வால்வில் ஏதாவது முட்டினால் கைக்குத் தெரியும், நிறுத்திவிடலாம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அது தெரியாது. பத்து நிமிட வேலை. ஆனால் பில்லில் செயினுக்கு ஒரு வரி, ஆயிலுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி இருக்கும். சரிபார்த்ததற்கு ஒரு வரி நான் பார்த்ததில்லை. சாயங்காலம் வண்டி வேண்டும் என்று நாமும் நெருக்குகிறோம். அந்தப் பத்து நிமிடத்துக்குத் தனியாகக் காசு கொடுக்க நாம் தயாராக வேண்டும்; "கையால சுத்திப் பாத்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். பின் செட்டும் அந்த இன்ஜினுக்குரிய சர்வீஸ் கையேடும் வாங்கித் தராமல், வேலை செய்யும் பையன் கையில் பெயிண்ட் டப்பாவைக் கொடுத்துச் செயின் மாற்றச் சொல்கிறார்கள். வால்வு வளைந்தால் அந்தப் பையன் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். பட்டறை வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது அந்தப் பின் செட்.